வீட்டைக் கழுவிப் பார்!

நமக்கெல்லாம் தெரிந்த பிரஷர் மூன்று. குக்கரில் இருப்பது, அப்பாவுக்கு இருப்பது, மேனேஜர் கொடுப்பது. இப்போது நாலாவதாக ஒன்று வீட்டு வாசல் வரை வந்து நிற்கிறது. பிரஷர் வாஷர்!

தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். 'வாட்டர் சர்வீஸ்' என்று போர்டு மாட்டி, வண்டியை மேட்டில் ஏற்றி, ஒரு பையன் துப்பாக்கி மாதிரி எதையோ பிடித்துக்கொண்டு சேற்றைச் சுட்டுத் தள்ளுவானே... அதே சமாச்சாரம்தான். உடம்பு இளைத்து, சக்கரம் முளைத்து, அட்டைப் பெட்டிக்குள் அடங்கி, ஐயாயிரம் சொச்சத்திலிருந்து பத்துப் பன்னிரண்டாயிரம் வரை கடையில் கிடைக்கிறது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் செங்கல்பட்டில் எந்த வாட்டர் சர்வீஸுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வரிசை தெருமுனை வரை நிற்கும். அந்த வரிசையில் நின்று கால் கடுக்கும்போதுதான் நம் ஆட்களுக்கு ஞானோதயம் பிறக்கிறது: 'பேசாம நாமே ஒண்ணு வாங்கிட்டா என்ன?'

நான் என்ஜினீயர் இல்லை, பி.காம். ஆனால் எதை வாங்குவதற்கு முன்னாலும் கூட்டிக் கழித்துப் பார்க்கும் வியாதி உண்டு. அந்த வியாதி ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டதால் ஒரே மாதத்தில் மூன்று பேர் வந்து கேட்டார்கள்.

முதல் ஆள் என்னோடு படித்த நண்பன். மறைமலை நகரில் ஃப்ளாட், மூன்றாவது மாடி, ஒரே ஒரு பைக். "டேய், ஆஃபர் போட்டிருக்கான்டா, நாளையோட முடியுது!"

இரண்டாமவர் எங்கள் பக்கத்து வீட்டு ரிடையர்ட் ஹெட்மாஸ்டர். செங்கல்பட்டில் சொந்த வீடு. மழைக்காலம் முடிந்தால் மொட்டை மாடி முழுக்கப் பாசி. "தம்பி, போன வருஷம் ஒரு தடவை வழுக்கிட்டேன். இந்த வயசுல இடுப்பு உடைஞ்சா ஒட்டுமா?"

மூன்றாமவர் என் மச்சான். மாமல்லபுரத்துக்கு வடக்கே பட்டிபுலம் பக்கம் வீடு. கடல் காற்று சும்மா வராது, உப்போடு வரும். கிரில், ஸ்கூட்டர், ஏ.சி. என்று எல்லாவற்றிலும் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. "மாப்ளே, நல்ல பிரஷரா ஒண்ணு சொல்லுங்க. அடிச்சா உப்பு பறக்கணும்!"

மூன்று பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது என்று கடை கடையாக ஏறி இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

பெட்டிமேல் ஒரு 'பார்'

'பார்' என்றதும் சபலப்படாதீர்கள். இது வேறே பார். அழுத்தத்தை அளக்கிற அலகு. உங்கள் ஸ்கூட்டர் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். தண்ணீர் டாங்க் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே குழாயில் ஒரு பார். திருக்கழுக்குன்றம் மலை சுமார் 500 அடி. அதன் உச்சியில் டாங்க் கட்டிக் கீழே குழாய் போட்டால்கூட 15 பார்தான் கிடைக்கும். 100 பார் வேண்டுமென்றால் டாங்கை ஒரு கிலோமீட்டர் உயரத்தில் கட்ட வேண்டும்! அந்த வேலையைத்தான் இந்தக் குட்டி மெஷின் செய்கிறது.

அதனால் கம்பெனிக்காரர்களுக்குள் போட்டி. ஒருவர் 120 என்றால் அடுத்தவர் 135. இன்னொருத்தர் 150. பெட்டியின் மேல் எழுத்து பெரிதாகிக்கொண்டே போகிறது. கடைக்காரரைக் கேட்டால், "பார் ஜாஸ்தியா இருந்தா பவர் ஜாஸ்தி சார்" என்கிறார். இங்கேதான் பி.காம். மூளை வேலை செய்ய வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. பாரையும், மணிக்கு எத்தனை லிட்டர் என்பதையும் பெருக்குங்கள். 36-ஆல் வகுங்கள். வருவது தண்ணீருக்குப் போய்ச் சேரும் வாட்ஸ். ஒரு பெட்டியில் 150 பார், மணிக்கு 480 லிட்டர், மோட்டார் 1800 வாட்ஸ் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 150 தடவை 480 என்றால் 72,000. 36-ஆல் வகுத்தால் 2000 வாட்ஸ். கரண்டில் வாங்குவது 1800, தண்ணீரில் கொடுப்பது 2000! வரவைவிடச் செலவு அதிகம். இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டைக் கொண்டுபோய் நீட்டினால் ஆடிட்டர் கையெழுத்துப் போடுவாரா?

ஆனால் அச்சடித்தவர் பொய் சொல்லவும் இல்லை. 150 பார் என்பது உச்சபட்ச அழுத்தம், கிட்டத்தட்டத் தண்ணீரை அடைத்து வைக்கும்போது. 480 லிட்டர் என்பது உச்சபட்ச வேகம், அழுத்தமே இல்லாமல் ஓட விடும்போது. இரண்டும் உண்மை. ஒரே நேரத்தில் உண்மை இல்லை, அவ்வளவுதான். எங்க மேனேஜர் நல்லவர், சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவார் என்கிற மாதிரி. நல்லவராக இருக்கிற நாள் வேறு, சீக்கிரம் அனுப்புகிற நாள் வேறு.

நீங்கள் தேட வேண்டியது பெட்டியின் பக்கவாட்டிலோ மெஷினின் ஸ்டிக்கரிலோ பொடி எழுத்தில் இருக்கும் 'ரேட்டட்' அல்லது 'வொர்க்கிங்' பிரஷர். அதில் 100 பார், மணிக்கு 330 லிட்டர், 1400 வாட்ஸ் என்று இருந்தால், கணக்குப்படி தண்ணீருக்குப் போவது சுமார் 917 வாட்ஸ். மூன்றில் இரண்டு பங்கு. மிச்சம் சூடாகவும் சத்தமாகவும் போய்விடுகிறது. நம்பலாம். பைக்குக்கும் வாசலுக்கும் இது தாராளம்.

மிக்ஸியா, கிரைண்டரா?

அடுத்தது மோட்டார். இதற்கு சமையலறைக்குப் போனால் போதும். மிக்ஸிக்குள் இருப்பது யூனிவர்சல் மோட்டார். எடை குறைவு, வேகம் அதிகம், சத்தம் அதைவிட அதிகம், கார்பன் பிரஷ் தேயும். வெட் கிரைண்டருக்குள் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். கனம், ஆனால் அலட்டிக்கொள்ளாமல் ஓடும். பிரஷர் வாஷரிலும் இதே இரண்டு ஜாதி. விலை குறைந்ததெல்லாம் பெரும்பாலும் மிக்ஸி ஜாதி.

மிக்ஸி கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு மாவு அரைக்க யாராவது மிக்ஸியை எடுப்பார்களா? பதினைந்து இருபது நிமிஷம் ஓட்டி, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். பைக் கழுவுகிறவருக்கு அது போதும். மொட்டை மாடியை ஒரே மூச்சில் கழுவ ஆசைப்படுகிறவருக்குப் போதாது.

பம்பின் தலை எந்த உலோகம் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அலுமினியமா, பித்தளையா? உப்புத் தண்ணிக்கு அலுமினியத்தைக் கண்டால் கொண்டாட்டம். ஈ.சி.ஆர். பக்கம் வீடு இருந்தால் பித்தளைக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

துப்பாக்கியின் விசையை விட்டதும் மோட்டாரும் நிற்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். 'ஆட்டோ ஸ்டாப்' என்பார்கள். கரண்டும் பம்பும் மிச்சம்.

தண்ணி எங்கிருந்து?

வெளிநாட்டு வீடியோவில் தோட்டத்துக் குழாயில் ஹோஸைச் சொருகுகிறார்கள், தண்ணீர் சீறுகிறது. நம் வீட்டுக் குழாய் சீறுமா? மொட்டை மாடி டாங்கிலிருந்து வாசலுக்கு வருவது அரை பார்கூடத் தேறாது. மாடியிலேயே வைத்து ஓட்டினால் டாங்கும் மெஷினும் ஒரே மட்டத்தில் நிற்கும். வேண்டிய அளவு தண்ணீர் உள்ளே வராவிட்டால் பம்ப் காற்றைக் குடித்துச் சீக்கிரம் உயிரை விடும். அதனால் பக்கெட்டிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும் 'செல்ஃப் ப்ரைமிங்' வசதி நமக்குக் கட்டாயம். உள்ளே போகும் வாயில் ஃபில்டரும் கட்டாயம். போர் தண்ணியில் வரும் பொடி மணல் உள்ளே போனால் வாஷர் தேய்ந்துவிடும். (மெஷினுக்குள்ளே இருக்கும் வாஷரைச் சொல்கிறேன்.) ஸ்விட்சைப் போடுவதற்கு முன் ஹோஸில் இருக்கும் காற்றெல்லாம் போய்த் தண்ணீர் வரட்டும்.

செலவு எவ்வளவு? மணிக்கு 330 லிட்டர் என்றால் நிமிஷத்துக்கு ஐந்தரை. பத்து நிமிஷம் விசையை அழுத்தினால் 55 லிட்டர், ஏறக்குறைய நாலு குடம். சும்மா ஹோஸைப் பிடித்தால் அரை இஞ்ச் பைப்பில் நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் போகும். அதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் இரண்டு பக்கெட்டும் ஒரு பழைய பனியனும் வைத்துக்கொண்டு பைக் கழுவும் ஆசாமிக்கு 40 லிட்டர்தான். ஆக, ஹோஸ்காரருக்கு மிச்சம், பக்கெட்காரருக்கு நஷ்டம். நீங்கள் எந்தக் கட்சி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கை அலட்சியப்படுத்தாதீர்கள். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடியதை மறந்திருக்க மாட்டீர்கள். மச்சான் வீட்டுக்குச் சற்று வடக்கே நெம்மேலியில் 2013-ல் ஒன்று, 2024-ல் இன்னொன்று என இரண்டு கடல்நீர் ஆலைகள் திறக்கப்பட்டன. முதலாவது நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர், அடுத்தது பதினைந்து கோடி லிட்டர் குடிநீர் தருவதற்கானவை. கடல் நீரிலிருந்து உப்பைப் பிரிக்க இந்த மாதிரி ஆலைகளில் கொடுக்கும் அழுத்தம் 60 பார் சுமாருக்கு இருக்கும். அங்கே 60 பாரில் கடல் குடிநீராகிறது. இங்கே 100 பாரில் குடிநீர் சாக்கடையாகிறது!

உயிர் சமாச்சாரம்

இதுவரை சொன்னது காசு. இனிச் சொல்வதைக் கொஞ்சம் சீரியஸாகப் படிக்க வேண்டும்.

1400 முதல் 1800 வாட்ஸ் என்றால் ஆறிலிருந்து எட்டு ஆம்பியர் இழுக்கும். டேபிள் ஃபேன் பிளக்கில் சொருகக் கூடாது. மூன்று கால் தடிமனாக இருக்கும் பவர் பிளக் வேண்டும். டி.வி.க்கு வாங்கின எக்ஸ்டென்ஷன் ஒயர் சூடாகி உருகும். கீழே தண்ணீர், காலில் செருப்பு இல்லை, கையில் கரண்டு மெஷின்... எமனுக்கு இதைவிட நல்ல அழைப்பிதழ் யாரும் அடிக்க முடியாது. எர்த் சரியாக இருக்கிறதா, மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை ஒரு தடவை பார்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் மெஷின் வாங்குங்கள். வீட்டில் அது இல்லையென்றால் மெஷினுக்கு முன்னால் அதுதான் முதல் செலவு.

இன்னொன்று. தோலைத் துளைக்க ஏழு பார் போதும். உங்கள் கையில் இருப்பது நூறு. 'எவ்வளவு ஃபோர்ஸா வருது பாரு' என்று விரலை நீட்டுவது, குழந்தையின் சேற்றுக் காலைக் கழுவுவது, நாயைக் குளிப்பாட்டுவது எதுவும் கூடாது. தப்பித் தவறிக் கையில் பட்டால் வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும். வலிகூட முதலில் அதிகம் இருக்காது. உள்ளே தண்ணீரும் அழுக்கும் சோப்பும் சதைக்குள் வெகுதூரம் பாய்ந்திருக்கும். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டால் விரலே போகலாம். நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், 'பிரஷர் தண்ணி உள்ளே போயிடுச்சு' என்று அந்த வார்த்தையைச் சொல்லியே காட்டுங்கள்.

பைக்கில் செயின், வீல் பேரிங், ஸ்விட்ச், ஒயர் ஜாயின்ட் இவற்றின் மேல் நேராக அடிக்காதீர்கள். கிரீஸ் போய்த் தண்ணீர் குடியேறிவிடும். ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட்டில் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகள் அப்பளம் மாதிரி மடங்கும். விசிறி மாதிரி விரியும் நாசிலைப் போட்டு ஒரு அடி தள்ளி நின்று ஆரம்பியுங்கள். போகவில்லையென்றால் கிட்டே போகலாம். கிட்டே ஆரம்பித்துவிட்டு, பெயர்ந்த பெயின்ட்டைத் திரும்ப ஒட்ட முடியாது.

கடற்கரைக் கோயில் கழுவும் விதம்

ஜெர்மனியில் ஆல்ஃபிரட் கார்ச்சர் 1935-ல் ஆரம்பித்த கம்பெனி, 1950-ல் சுடுநீரைப் பீய்ச்சும் மெஷினைச் செய்தது. 1984-ல் வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போகிற சைஸில் ஒன்றை வெளியிட்டது. இதற்கு நடுவே 1980-ல் ரியோவில் இருக்கும் பிரம்மாண்ட கிறிஸ்து சிலையைக் கழுவிக் கொடுத்தது. 2005-ல் அமெரிக்காவில் நாலு ஜனாதிபதிகளின் முகம் செதுக்கிய ரஷ்மோர் மலையையும் ரசாயனம் இல்லாமல் சுடுநீர் மெஷினால் கழுவினார்கள். அது கிரானைட் மலை.

மச்சான் இந்தப் பாயின்ட்டைப் பிடித்துக்கொண்டார். "நம்ம கடற்கரைக் கோயிலும் கருங்கல்லுதானே மாப்ளே? அதுக்கே இது தாங்கும்னா என் கிரில் தாங்காதா?"

கடற்கரைக் கோயில் கதை வேறு. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் காலத்தில் எழுந்தது. 1984-ல் மாமல்லபுரத்தின் மற்றச் சின்னங்களோடு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆயிரத்து முந்நூறு வருஷமாக உப்புக் காற்று. உப்பு கல்லின் மேலே மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரியாத துவாரங்களில் ஈரத்தோடு உள்ளே போய், காய்ந்து, படிகமாகி, விரிந்து, கல்லை உள்ளிருந்து பொடிப்பொடியாகப் பெயர்த்துவிடும். பீய்ச்சி அடித்தால் உள்ளே இருப்பது வெளியே வராது, வெளியே இருப்பது இன்னும் உள்ளே போகும்.

தொல்லியல் துறையின் விஞ்ஞானப் பிரிவு இதற்கு என்ன செய்கிறது தெரியுமா? காகிதத்தை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, கல்லின் மேல் பற்றுப் போடுகிறார்கள். கூழ் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பை உறிஞ்சி வாங்கிக்கொள்ளும். உரித்துப் போட்டுவிட்டு மறுபடி பற்று. உப்பு குறைகிற வரைக்கும் திரும்பத் திரும்ப. நம் பாட்டி நெற்றிக்குப் போடுகிற பற்று மாதிரியேதான். அது போதாதென்று அலையைத் தடுக்கப் பாறைகள், காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்கள்.

அவசரப்பட்ட கதையும் நம் ஊரில் உண்டு. பழைய கோயில்கள் பலவற்றில் திருப்பணி என்ற பேரில் கம்ப்ரஸர் வைத்து மணலைப் பீய்ச்சிக் கருங்கல்லைப் பளபளப்பாக்கினார்கள். அழுக்கோடு சேர்ந்து கல்வெட்டு எழுத்தும் சிற்பத்தின் நுணுக்கமும் போனதாக எதிர்ப்புக் கிளம்பி, மணல் வீச்சு கூடாது என்று தடை போட வேண்டியதாயிற்று. ராஜராஜன் காலத்து எழுத்தாக இருந்தாலும் மெஷினுக்கு அதுவும் அழுக்குதான்!

ஆக, அழுக்கு எது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மெஷினைத் தேட வேண்டும். சேறும் பாசியும் ஒட்டிக்கொள்கிற ஜாதி, அதற்கு அடி உதவும். உப்பு கரைகிற ஜாதி. அதற்குத் தேவை நல்ல தண்ணீர், அடிக்கடி. அவ்வளவே.

மூன்று வீடு, மூன்று தீர்ப்பு

நண்பனுக்கு: வாங்காதே. ஒரு பேச்சுக்கு மெஷின் ஏழாயிரம், வாட்டர் சர்வீஸ் தடவைக்கு 150 என்று வை. மாதம் ஒரு தடவை கழுவினால் போட்ட காசு திரும்ப 47 மாதம். அதற்குள் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷும் தேயும், உன் ஆசையும் தேயும். பார்க்கிங்கில் பிளக்கும் இல்லை. மூன்றாவது மாடியிலிருந்து ஒயர் விடுவாயா? ஃப்ளாட்டில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து அசோசியேஷன் மூலம் ஒன்று வாங்கினால் தலைக்குச் சில நூறுதான்.

ஹெட்மாஸ்டருக்கு: உங்களுக்குத்தான் சார் உண்மையில் இது தேவை. பாசியில் விழுந்து இடுப்பு உடைவதைவிட ஏழாயிரம் சல்லிசு. ஆனால் மாடியில் இருப்பது பழைய தட்டோடு. மூலையில் ஒரு முழம் இடத்தில் அடித்துப் பாருங்கள். ஓட்டுக்கு நடுவே இருக்கும் பூச்சு பெயர்ந்தால் நிறுத்திவிட்டு, பிளீச்சிங் பவுடரும் தென்னந்துடைப்பமும் போதும். மழைநீர் சேகரிப்புக் குழாயை அன்றைக்கு மட்டும் கழற்றி வெளியே விட்டுவிடுங்கள். 2003-ல் கட்டாயமாக்கி ஊரெல்லாம் வைத்த குழாய், பாசியும் பிளீச்சிங்கும் கிணற்றுக்குள் போக வேண்டாம். வருஷத்தில் இரண்டு நாள் வேலைக்கு நம் தெருவில் நாலு வீடு சேர்ந்து கிரைண்டர் ஜாதியாகவே ஒன்று வாங்கலாம். கணக்கு நான் எழுதுகிறேன்.

மச்சானுக்கு: வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர் இரண்டு பக்கெட். கிரிலையும் ஸ்கூட்டரையும் நனைத்துத் துடைத்தால் உப்பு கரைந்து போய்விடும். உங்கள் போர் தண்ணியே கரிக்கிறது, அதை எத்தனை பாரில் அடித்தாலும் காய்ந்ததும் வெள்ளைத் திட்டுதான் மிச்சம். 2022 டிசம்பர் 9-ம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தபோது வாசலில் வந்து குவிந்ததே மணலும் குப்பையும், அந்த மாதிரி நாளுக்கு மெஷின் உபயோகப்படும். துருப்பிடித்த கிரிலுக்கு உபயோகப்படாது. அரையும் குறையுமாக ஒட்டிக்கொண்டிருக்கும் பெயின்ட்டை மெஷின் உரித்துவிடும், அப்புறம் உப்புக்கு நேரே இரும்பே கிடைக்கும்.

மச்சான் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தலையாட்டினார். நெம்மேலிக் கணக்கைச் சொன்னபோது, "அடேங்கப்பா!" என்றுகூடச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய் 150 பாரில் ஒன்று வாங்கியும் விட்டார்.

நேற்று போன் பண்ணினார். "மாப்ளே, மெஷின் பிரமாதம்! கிரில் சுத்தமா ஆயிடுச்சு..."

"அப்புறமென்ன மச்சான்?"

"கடல் காத்துக்குத் தாங்குற மாதிரி நல்ல பெயின்ட் எதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்களேன்."